இல்லத்து வலையமைப்பும் ஊடகச் சேவையகமும்

ஒலியையும் காட்சியையும் சேமித்துவைத்து, வேண்டும்போது வேண்டிய அறையில் நுகரும் வாய்ப்பு இன்று எளிய இல்லங்களுக்கும் கிட்டியுள்ளது. பழைய ஒலிநாடாக்களிற் கிடந்த காமன் கூத்துப் பாடல்களையும், கோயில் திருவிழாக் காட்சிகளையும், மறைந்த முதியோரின் குரல்களையும் கணினியில் ஏற்றிவைப்போர் மலையகத்திலும் உளர். அவற்றை வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் வழங்கும் கணினியே ஊடகச் சேவையகம் எனப்படும். 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் தோன்றிய ஜெலிஃபின் என்னும் இலவச மென்பொருள் இப்பணிக்கு ஏற்றதொன்று.

ஆயினும், முன்னறையிற் சேவையகம் செவ்வனே இயங்கிக்கொண்டிருக்க, பின்கட்டிலுள்ள தொலைக்காட்சி அதனைக் காணாதொழிதல் உண்டு. உடனே சேவையகம் பழுதுற்றதெனக் கொண்டு அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவ முற்படுதல் பெருந்தவறாகும். அழிப்பிற் பதிவுகளும் அகப்பட்டால், அப்பாடல்களை மீண்டும் பாடித்தருவதற்குரியோர் இன்று நம்மிடையே இல்லை. ஆதலின், எதனையும் அழிக்குமுன் காரணத்தை ஆராய்தல் கடன். சேவையகத்தில் யாதொரு பழுதுமின்றியே அது கண்ணுக்குப் புலனாகாமற் போகலாம் என்பதை ஈண்டு விளக்குவாம்.

ஒரு வீட்டில் இரு வலைகள்

நமுனுகுல என்னும் பெயர் ஒன்பது சிகரங்களைக் குறிப்பது. 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த இம்மலைத்தொடரின் சரிவுகளில், கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலை எல்லா வீடுகளையும் ஒருபடியாக அடைவதில்லை. மலை மறித்த பக்கம் அலை குன்றும். எனவே, அலை நன்கு எட்டும் சாளரத்தருகே ரவுட்டரை வைக்கின்றோம். தடித்த சுவர்களைக் கடந்து பின்கட்டுக்கு வைஃபை எட்டாதபோது, இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, முதலாவதோடு கம்பியால் இணைக்கின்றோம். இணையம் பின்கட்டிலும் கிடைக்கின்றது. வேலை முடிந்ததென மகிழ்கின்றோம்.

ஆனால், இரண்டாவது ரவுட்டர் தனக்கெனத் தனி வலையொன்றை அமைத்துக்கொண்டதை நாம் அறிவதில்லை. முன்னறைக் கணினியின் முகவரி 192.168.1.10 எனவும், பின்கட்டுத் தொலைக்காட்சியின் முகவரி 192.168.0.20 எனவும் கொள்வோம். இல்லங்களில் வழக்கமாயுள்ள 255.255.255.0 என்னும் மறைப்பெண்ணின்படி, முதல் மூன்று எண்களும் ஒத்திருப்பினே இரு கருவிகளும் ஒரே வலையைச் சார்ந்தனவாம். ஈண்டு மூன்றாம் எண் வேறுபடுதலின் அவை இரு வலைகள். 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் 1994 ஆம் ஆண்டு முதல் தனியார் வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை எவ்வீட்டிலும் பயன்படுத்தலாம்.

தோட்டத்து உவமை

இதனைத் தோட்ட வாழ்க்கையிலிருந்தே விளக்கலாம். லயத்தில் வாழ்வோர் தமக்கென வீட்டிலக்கமின்றி, தோட்டத்தின் பெயரிலேயே நெடுங்காலம் கடிதம் பெற்றுவந்தனர். லயத்திலிருந்து எழுதிய கடிதம் தடையின்றி வெளியூர் சென்றது. வெளியூரிலிருந்து வந்ததோ தோட்ட அலுவலகத்தில் நின்றது. உரியவர் யாரென அங்குள்ளோர் அறிந்திருந்தாலன்றி அது லயத்தை அடையாது. இரண்டாவது ரவுட்டர் அத்தகைய அலுவலகமாகும். உள்ளிருந்து புறப்படும் வேண்டுகோளையும் அதற்குரிய மறுமொழியையும் அது கடக்கவிடும். வெளியிலிருந்து புதிதாக வருவதைத் தடுத்துவிடும்.

இன்னுமொன்று. பெரட்டுக்கு ஆளழைக்க அடித்த தப்பின் ஒலி அந்தப் பிரிவினுள் மட்டும் கேட்கும். மலைமுகட்டுக்கு அப்பாலுள்ள பிரிவுக்குக் கேளாது. தொலைக்காட்சி சேவையகத்தைத் தேடுவதும் இவ்வாறே. 'இங்கு ஊடகம் வழங்குவோர் எவரேனும் உளரோ?' என 239.255.255.250 என்னும் பொது முகவரிக்கு, 1900 ஆம் துறையில் அது குரல் கொடுக்கின்றது. இல்லத்து ரவுட்டர்கள் பெரும்பாலும் இக்குரலை மறுவலைக்குக் கடத்துவதில்லை. குரல் எட்டாதபடியால் மறுமொழியும் இல்லை; திரையில் ஒன்றும் தோன்றுவதுமில்லை. ஆயினும், தப்பொலி கேளாதவனும் லயத்தின் இலக்கம் அறிந்தால் நடந்துசென்று கதவைத் தட்டலாமன்றோ? அதுபோல, முகவரி தெரிந்தால் சேவையகத்தை நேரே அடைதல் கூடும்.

ஆராயும் முறை

முதலாவது, சேவையகம் உள்ள வலையிலேயே மற்றொரு கைத்தொலைபேசியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். அங்குப் பாடல் கேட்குமாயின் சேவையகம் நலமுடையது; அதனைத் தீண்டற்க.

இரண்டாவது, இரு கருவிகளின் முகவரிகளையும் ஒப்பிடுக. இரு ரவுட்டர்களும் 192.168.1 என்னும் ஒரே தொடரை வழங்கியிருப்பின், பின்கட்டுக் கருவி சேவையகத்தைத் தன் வலைக்குள்ளேயே தேடி ஏமாறும். அந்நிலையில் ஒரு ரவுட்டரின் தொடரை மாற்றுக.

மூன்றாவது, பின்கட்டுக் கைத்தொலைபேசியின் இணைய உலாவியில் 192.168.1.10:8096 எனத் தட்டெழுதுக. 8096 என்பது ஜெலிஃபின் வழமையாகப் பயன்படுத்தும் துறை. பக்கம் திறந்தால் பாதை செவ்விதே. தேடுங்குரல் மட்டுமே தடைப்பட்டதெனத் தெளிக. தொலைக்காட்சியிலுள்ள ஜெலிஃபின் செயலியிலும் அம்முகவரியையே கையால் இட்டால் குறை தீரும்.

நான்காவது, பக்கம் திறவாவிடின் கணினியின் தீச்சுவரை நோக்குக. விண்டோஸ் கணினி தன் வலையைப் 'பொது' வலையெனக் கொண்டிருந்தால் வரும் இணைப்புகளை மறுக்கக்கூடும். தன் வலையினரை மட்டும் அனுமதிக்கும் விதியும் இருக்கலாம். பிங் என்னும் சோதனைக்கு மறுமொழி வாராமையால் மட்டும் பாதை இல்லையெனத் துணிதல் ஆகாது. தீச்சுவர் பிங்கை மறுத்து, 8096 ஆம் துறையை அனுமதித்திருத்தலும் உண்டு.

ஐந்தாவது, தொலைக்காட்சி விருந்தினருக்கென அமைந்த வைஃபையில் இணைந்துள்ளதா எனக் காண்க. விருந்தினரை வீட்டுக் கருவிகளிலிருந்து பிரிப்பதே அவ்வலையின் நோக்கமாதலின், அங்குத் தடை நேர்வது இயல்பு.

தீர்க்கும் வழிகள்

வலைகள் இரண்டாயிருக்கத் தேவையில்லையெனில் அவற்றை ஒன்றாக்குதலே எளிது. இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 போன்ற, பிறிதொரு கருவிக்கு வழங்கப்படாத முகவரியைக் கொடுத்து, அது முகவரி வழங்கும் பணியை நிறுத்துக. பின், கம்பியை இணையத்துக்குரிய துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்குரிய துளைகளுள் ஒன்றிற் செருகுக. அணுகுமுனை என்னும் தெரிவு உள்ள ரவுட்டராயின், அதனைத் தெரிந்தாலே போதும். அப்பொழுது தப்பொலி வீடெங்கும் கேட்கும்.

கண்காணிப்புக் கமரா, விருந்தினர் முதலிய காரணங்களால் இரு வலைகள் வேண்டுமாயின், சேவையகத்தை முதலாம் ரவுட்டரின் வலையில் வைத்து, அதற்கு மாறாத முகவரியொன்றை ஒதுக்குக. உள்வலையினர் வெளிநோக்கிச் செல்லக் கூடுமாதலின் இவ்வமைப்பு இரு சாராருக்கும் பயன்தரும். சேவையகம் உள்வலையிலேயே இருந்தாகவேண்டுமெனின், இரண்டாவது ரவுட்டரில் 8096 ஆம் துறைக்கு வரும் வேண்டுகோளைச் சேவையகத்துக்கு அனுப்பும்படி விதியமைக்க வேண்டும். முன்னறைக் கருவிகள் அப்பொழுது அந்த ரவுட்டரின் வெளிமுகவரியையே நாடுதல் வேண்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவாம். முதலாம் ரவுட்டரில் அத்தகைய வாயிலைத் திறந்துவிடின், அது வீட்டிலுள்ளோர்க்கன்றி உலகத்தார்க்கெல்லாம் திறந்த வாயிலாகக் கூடும். இரு அறைகளை இணைத்தற்பொருட்டு அது வேண்டியதில்லை.

மாணவர்க்கு

இளம் மாணவர்காள்! உங்கள் பாட்டனாரின் குரல் ஒரு கணினியில் மட்டும் இருக்குமாயின், அமைப்பெதனையும் மாற்றுமுன் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். பின், ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிச் சோதியுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் குறை நீங்கினாலும் காரணத்தை அறியார். காரணம் அறியாதவிடத்துக் குறை மீண்டும் வரும். முதியோர் பாடியது பின்கட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளின் செவிக்கும் எட்டுமாறு செய்தல், நாம் கற்ற கல்விக்கு ஏற்றதொரு பயனாகும்.