ஹோஸ் மேல் என்ன எழுதியிருக்கிறது?

உச்சிப்புளியில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகுகிறவருக்கு இரண்டு பக்கமும் கடல்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பக்கத்து மண்டபத்தில் உலோகங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்க்கவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி ஒரு சோதனை நிலையம் நடத்துகிறது. இந்தக் காற்றின் குணத்துக்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது, ஆம்னி 2019இல். பழைய வண்டிகள் என்னவோ இந்தக் காற்றில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் அடியில் ஓடும் பெட்ரோல் குழாய்க்குத்தான் யாரும் வயசு கேட்பதில்லை.

இப்போது கேட்டே ஆகவேண்டும். 2025 முதல் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வழக்கம். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தியவற்றில், குறிப்பாகக் கார்புரேட்டர் காலத்து வண்டிகளில், பழைய ஹோஸ் ஊதிப்போகும், இல்லாவிட்டால் விறைத்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆக, வெளியே உப்பு தின்கிறது, உள்ளே தண்ணீர் தின்கிறது. ஹோஸும் குழாயும் மாற்றும் வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவருக்கு நம் பக்கத்தில் கிராக்கி இருக்கும்.

முதல் பாடம், ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதை வாசிப்பது. கடைக்காரர் “பெட்ரோல் ஹோஸ்தான்” என்று சொல்வது போதாது. எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று இருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கு, அதாவது குறைந்த அழுத்தத்துக்கு. எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்ஷன் வண்டியில் அழுத்தம் சுமார் 3 பார்; அதற்கு ஆர்9 வேண்டும். அதன் உள்சுவர் ஃபுளோரோ ரப்பர் என்பதால் எத்தனாலையும் நன்றாகத் தாங்கும். கார்புரேட்டர் வண்டிக்கும் ஆர்9 போடுங்கள் என்பேன். கூடுதல் செலவு ஒரு சாப்பாட்டுக் காசுதான். ஆனால் ஆர்9 ஹோஸை டேங்குக்குள்ளே பம்ப்போடு மாட்டிவிடாதீர்கள். அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்கு ஏற்றதல்ல. முங்கிக் கிடக்கும் இடத்துக்கு ஆர்10. எழுத்தே இல்லாத ஹோஸ், மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி டியூப் இரண்டும் கடையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கிளாம்ப். துளை வெட்டிய பட்டையுள்ள திருகு கிளாம்ப் ஹோஸைக் கடித்துக் கிழிக்கும். ஓரம் மடித்த, உள்பக்கம் வழவழப்பான பட்டை உள்ளதை வாங்குங்கள். இந்த ஊருக்கு ஒரு தந்திரம்: காந்தத்தைத் திருகின் மேல் வையுங்கள். பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸாக, திருகு வெறும் இரும்பாக விற்பார்கள். காந்தம் இறுக்கிப் பிடித்தால் அடுத்த மழைக்குள் திருகு தலையோடு போய்விடும்.

இரும்புக் குழாய் அரிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பாடியோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில். உப்பு மணலும் ஈரமும் அங்கேதான் தங்கும். கிளிப்பைக் கழற்றாமல் “குழாய் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லாதீர்கள். அரித்த இடத்தை மட்டும் வெட்டி நடுவில் ஹோஸ் துண்டு சொருகுவது இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஆகாது. முழுக் குழாயையும் மாற்றுங்கள். வளைக்கச் சுலபம் என்று செம்புக் குழாய் போடுவார்கள், ஆட்டத்தில் இறுகி வெடித்துவிடும். செம்பு-நிக்கல் குழாய் கிடைத்தால் அதுவே மேல். ஃபிளேர் நட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அங்கே உலோகத்தோடு உலோகம் அமர்ந்துதான் அடைக்கிறது. பிய்ந்த டேப் நேரே இன்ஜெக்டருக்குப் போகும்.

கை வைக்கும் முன்: இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழியில் இறங்கித் தேங்கும். அதனால் இந்த வேலை குழிமேல் வேண்டாம், வெளியே காற்றோட்டத்தில். ஒயர் இழுத்த குண்டு பல்பும் பீடியும் பக்கத்தில் வரக்கூடாது. பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் அல்ல.

ஹோஸைப் பிளேடால் நேராக வெட்டுங்கள்; ஹேக்சா தூள் விடும். ஃபில்டரும் கூடவே புதிது. எத்தனால் டேங்கின் பழைய கசடைக் கிளப்பும் என்பதால் சில டேங்க் ஓடியதும் இன்னொரு ஃபில்டர் கேட்கும். அதை பில்லிலேயே எழுதிவிடுங்கள், பிறகு சண்டை வராது. கழற்றிய ஹோஸை வளைத்து வெடிப்பைக் காட்டினால் கூலிக்குப் பேரம் குறைகிறது.

முறையாகப் படிக்க நினைத்தால், பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஐடிஐயில் மோட்டார் வண்டி மெக்கானிக் இரண்டு வருஷம், டீசல் மெக்கானிக் ஒரு வருஷம். இந்தக் கரையில் டீசல் படித்தவருக்குப் படகும் சோறு போடும். டீசலில் உறிஞ்சும் பக்கக் கிளாம்ப் தளர்ந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போய் எஞ்சின் நடுக்கடலில் நிற்கும். படகு எஞ்சின் அறைக்குத் தீ தாங்கும் தனி ஹோஸ் உண்டு. காருக்கு வாங்கியதில் மிச்சத்தை அங்கே போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஃபியூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, வண்டியை அன்றைக்கே கொடுத்துவிடாமல் ராத்திரி நிறுத்தி வையுங்கள். சில கிளாம்ப் சூட்டில் அடைத்திருந்து குளிர்ந்ததும்தான் கசியும். காலையில் பானெட்டைத் திறந்து, முதலில் மூக்கை நீட்டுங்கள்.