லேபிள் இல்லாத சரக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் டேபிளில் நிற்பவள் நான். '100% காட்டன்' என்று லேபிள் இருந்தாலும், சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகச் சுருண்டு நிற்கும். துணிக்குச் செய்கிற இந்தச் சோதனையை, என் போனில் வந்த ஒன்றுக்குச் செய்யாமல் விட்டேன்.

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வந்தாலும் தூக்கம் வராது. ஒருநாள் ஃபேஸ்புக்கில், 'உங்கள் மன அழுத்தம் எவ்வளவு? 10 கேள்விகள், இலவசம்' என்று ஒரு விளம்பரம். பதில் போட்டேன். மறுநாளே ஒரு பெண் வாட்ஸ்அப்பில் அழைத்தார். இரவு 10 மணிக்கு ஜூமில் மனநல வகுப்பு என்றார். முதல் வாரம் மூச்சுப் பயிற்சி. உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. அடுத்த வாரம் கதைகள், அதற்கடுத்த வாரம் புனித நூல் வரிகள். நான்காவது வாரம், "உங்கம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

"நீங்க எந்த அமைப்புங்க?" என்றேன்.

"அது இப்ப முக்கியமில்லீங்க சிஸ்டர். வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, குழப்பி விட்டுருவாங்க."

மறுநாள் டேபிளில் பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, நல்ல சரக்குன்னா லேபிளை எதுக்குக் கிழிச்சுட்டு அனுப்பறாங்க?" என்றார்.

அன்றிரவே அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினேன். உடனே இன்னொரு பெண் அழைத்தார். என்னைப்போலவே புதிது என்று சொல்லி வகுப்பில் தினமும் சந்தேகம் கேட்டவர். வகுப்புக்கு என்னை அழைத்த பெண்ணிடம் நான் தனியாகச் சொல்லி அழுதது எல்லாம் இவருக்குத் தெரிந்திருந்தது. இவரும் அவர்கள் ஆள்தான்.

அது எந்த மதம் என்று எழுத மாட்டேன். எழுதினால், அதே சாமியை ஒழுங்காகக் கும்பிடும் என் சக தொழிலாளிகள் மேல் பழி விழும்.

தென் கொரியாவில் 1984ல் லீ மான்ஹீ தொடங்கிய ஷின்சோன்ஜி என்ற மத அமைப்பின் மீதும் இதே குற்றச்சாட்டு உண்டு: பெயரைச் சொல்லாமல் சர்வே, வகுப்பு என்று அழைத்துச் சேர்ப்பது. நான் சிக்கியது வேறு கூட்டம், ஆனால் பாணி ஒன்று. லேபிளை வைத்து ஏமாற்றுவது மதத்தில் மட்டுமில்லை: 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் 'செய்தி' என்ற லேபிளோடு பரவி, நம் ஊரையே கலங்கடித்தன. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது.

மதத்தைப் பரப்புவது குற்றமில்லை. அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் பெயரை மறைத்தால், வேண்டாம் என்று சொல்லும் என் உரிமை பறிபோகிறது. அதுதான் தப்பு.

நான் கற்றுக்கொண்டவை:

1. முதல் நாளே கேளுங்கள்: நடத்துவது யார், எந்த அமைப்பு, எந்த மதம்? நேரான பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. 'வீட்டில் சொல்லாதே' என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். ஹாஸ்டலில் தங்கியிருந்தால் நம்பிக்கையான ஒரு தோழியிடமாவது சொல்லுங்கள்.

3. முன்பின் தெரியாத சர்வேயில் துக்கம், கடன், நோய் பற்றி எழுதாதீர்கள். பிறகு அதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

4. ஃபேஸ்புக் பக்கம் என்றால், அது எப்போது தொடங்கியது, பெயர் மாறியிருக்கிறதா என்று அதன் விவரப் பகுதியில் பாருங்கள்.

5. மனசு தாங்கவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

போன மாதம் எங்கள் லைனில் தைக்கும் ஒரு தங்கச்சி, "எங்க சர்ச்சுக்கு ஒருநாள் வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். "இல்ல கண்ணு, எனக்கு எங்க மாரியாத்தா போதும்" என்றேன். "சரிங்க்கா" என்றாள். மத்தியானம் எப்போதும்போல டிபன் பாக்ஸைத் திறந்து, அவள் கொண்டுவந்த மீன் குழம்பில் பாதியை என் சோற்றில் ஊற்றினாள்.