ஆகாயத்துக்கு வரப்பு எது?



நம் பேரவை ஆண்டு மலரில் எழுத இடம் கொடுத்த தோழர்களுக்கு முதற்கண் என் நன்றி. எனக்கு ஊர் வல்லத்திராக்கோட்டை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்து படிக்கும் முதல் ஆள் நான்தான். சிவில் பிரிவு, இறுதியாண்டு. பிடித்த பாடம் சர்வே. அதனால் இந்தக் கட்டுரையையும் ஒரு வரப்புத் தகராறில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்க கொல்லைக்கும் பெரியப்பா கொல்லைக்கும் நடுவே ஒரு வரப்பு. "அண்ணன்தான் உள்ள தள்ளி வந்துட்டாரு" என்பார் அப்பா. "நீதான்டா வந்தே" என்பார் பெரியப்பா. ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. ஒரு காதுகுத்துக்குக்கூட போகவில்லை. கடைசியில் சர்வேயர் வந்தார். புலப்படத்தை விரித்தார், மண்ணுக்குள் புதைந்து கிடந்த கல்லைத் தேடி எடுத்தார், அளந்தார். முடிவு என்ன தெரியுமா? ஒன்றரை அடி உள்ளே போயிருந்தது நாங்கதான்! அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியுமுன்னே மண்வெட்டியோடு போய் வரப்பைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வந்தார்.

2025 செப்டம்பரில் ஒருநாள் டி.வி.யில் ஒரு செய்தி வந்தது. ரஷ்யாவின் மூன்று மிக்-31 போர் விமானங்கள் தங்கள் வான் எல்லைக்குள் நுழைந்து 12 நிமிடம் இருந்ததாக எஸ்தோனியா நாடு குற்றம் சாட்டியது. "இல்லை, பொதுக் கடலுக்கு மேல்தான் பறந்தோம்" என்று ரஷ்யா மறுத்தது. பக்கத்தில் இருந்த எங்க அப்பத்தா கேட்டார்: "ஏன்டா, நெலத்துக்கு வரப்பு இருக்கு, கல்லு இருக்கு. ஆகாயத்துக்கு எவன்டா வரப்பு போட்டான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படிக்காத அப்பத்தா கேட்ட கேள்விக்குப் படிக்கிற பேரன் தேடிப் பிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை.

வரப்பு போட்டது யார்?

1944 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கு அதுதான் அடிப்படை. அதன் முதல் விதியே இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வானத்தில் முழு உரிமை உண்டு. மூன்றாவது விதி, ராணுவம், சுங்கம், காவல் துறை ஆகியவற்றின் விமானங்கள் அனுமதி இல்லாமல் அடுத்த நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது.

கடலோர நாடுகளுக்கு இந்த எல்லை கரையோடு முடிவதில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை கடலும் அந்த நாட்டுடையது, மேலே உள்ள வானமும் அந்த நாட்டுடையது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கடலில் அடுத்த நாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்து போகலாம். விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலே பறக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் பறக்க வேண்டும்.

நம் பாக் நீரிணையில் 22 கிலோமீட்டர் என்ற கணக்கே எல்லா இடத்திலும் செல்லாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான். அதனால் இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு பிரித்துக்கொண்டன. நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு அந்தக் கோடு நன்றாகவே தெரியும். அவர்கள் படகுகள் பிடிபடுவது அதைத் தாண்டியதாகச் சொல்லித்தானே! அதே கோடுதான் செங்குத்தாக மேலே எழும்பி வானத்துக்கும் வரப்பாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு விமானம் ஒரு வினாடிக்கு 250 மீட்டர் கடக்கிறது. 10 கிலோமீட்டர் கடக்க 40 வினாடி போதும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போக இரண்டே நிமிடம். டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கி ஆற்றிக் குடிப்பதற்குள் ஒரு போர் விமானம் இன்னொரு நாட்டுக்குள் போய்த் திரும்பிவிடும்!

2015 நவம்பர் 24 அன்று துருக்கி ஒரு ரஷ்யப் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. அது தன் வானத்துக்குள் இருந்ததாகத் துருக்கி சொன்ன நேரம் 17 வினாடி. உள்ளேயே வரவில்லை என்றது ரஷ்யா. ஒரு விமானி இறந்தார். இரு நாட்டு வியாபாரமும் மாதக்கணக்கில் கெட்டது. 17 வினாடியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு இத்தனை விலை!

மீறல் நடந்தால் என்ன நடக்கும்?

முதலில் ராடார் பார்க்கிறது. 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர அலைவரிசையில் "யார் நீ, திரும்பிப் போ" என்று எச்சரிக்கை போகும். பிறகு போர் விமானங்கள் கிளம்பிப் பக்கத்தில் போய் இறக்கையை ஆட்டிக் காட்டும். "என் பின்னால் வா" என்பது அதன் பொருள். இதெல்லாம் முடிந்தபின் சண்டை வானத்திலிருந்து மேசைக்கு இறங்குகிறது. அந்த நாட்டுத் தூதரை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரவழைத்து, கண்டனக் குறிப்பைக் கையில் கொடுப்பார்கள். எதிர்த் தரப்பு மறுக்கும், அல்லது வருத்தம் தெரிவிக்கும். சில நேரம் ஐ.நா. சபை வரை கடிதம் போகும்.

சங்கடம் எங்கே என்றால், ராடார் பதிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை. நம்ம ஊர்த் தகராறில் இருவருக்கும் பொதுவாக ஒரு சர்வேயர் வந்தார். வானத்துக்கு அப்படி ஒரு சர்வேயர் இல்லை!

1987: யாழ்ப்பாணத்துக்கு மேலே

இனி நமக்கு நெருக்கமான கதைக்கு வருவோம். 1987 மே மாதக் கடைசியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. யாழ்ப்பாண மக்கள் உணவும் மருந்தும் இல்லாமல் தவித்தார்கள். ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது படகுகளில் இந்தியா நிவாரணப் பொருள்களை அனுப்பியது. இலங்கைக் கடற்படை வழிமறித்தது. படகுகள் திரும்பிவிட்டன.

மறுநாள், ஜூன் 4. டெல்லியில் இலங்கைத் தூதரை அழைத்து, விமானத்தில் உணவு போடப் போகிறோம், தடுத்தால் பதிலடி உண்டு என்று சொல்லப்பட்டது. அன்று மாலை பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருள்களைப் பாராசூட்டில் இறக்கின. அதற்கு வைத்த பெயர் 'பூமாலை'. தன் இறையாண்மை மீறப்பட்டது என்று இலங்கை கடுமையாக எதிர்த்தது. அடுத்த மாதமே, ஜூலை 29 அன்று, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அப்பா அப்போது சின்னப் பையன். ரேடியோவில் செய்தி கேட்டு ஊரே சந்தோஷப்பட்டதாகச் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சிகாகோ விதியைப் படித்தபின் மனதை ஒன்று உறுத்தியது. அனுமதி இல்லாமல் போன ராணுவ விமானம், அது அரிசி கொண்டு போனாலும், மீறல்தானே?

எங்க ஊர்ப் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அம்மம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, பிளேன் சத்தம் கேட்ட உடன நாங்கள் எல்லாரும் பங்கருக்குள்ள ஓடினனாங்கள். குண்டு போட வருகுது எண்டுதான் நினைச்சம். பிறகுதான் சாப்பாட்டுச் சாமான் எண்டு தெரிஞ்சது." கொஞ்ச நேரம் கழித்து, "பசிச்சவைக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனா அந்தச் சத்தத்துக்கு நடுங்கின நடுக்கம் இன்னும் இருக்கு" என்றார்.

நண்பர்களே, அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கோடு போடுவதும் தாண்டுவதும் அரசுகள். கீழே இருப்பவர்களுக்கு மேலே பறப்பது யாருடைய விமானம் என்று தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். பசிக்கு உணவு கொடுத்தது சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் "அது மீறலே இல்லை" என்று இனிமேல் வாதாட மாட்டேன். நியாயம் இருந்ததால் மீறல் மறைந்துவிடாது.

கட்ச்: ஒப்பந்தம் இருந்தும்...

இந்தியாவும் பாகிஸ்தானும் 1991 ஏப்ரல் 6 அன்று வான் எல்லை மீறலைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி போர் விமானங்கள் எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. ஆயுதமில்லாத சரக்கு விமானங்கள் 1,000 மீட்டர் வரை வரலாம். தெரியாமல் மீறல் நடந்தால் உடனே விசாரித்து அடுத்தவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்த 10 கிலோமீட்டர் என்பது 40 வினாடி யோசிக்கக் கிடைக்கும் அவகாசம்!

ஆனாலும் கார்கில் போர் ஓய்ந்த சூட்டில், 1999 ஆகஸ்ட் 10 அன்று, கட்ச் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் விமானத்தை இந்திய மிக்-21 சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். எங்கள் எல்லைக்குள் வந்தது என்றது இந்தியா. எங்கள் எல்லைக்குள்தான் இருந்தது என்றது பாகிஸ்தான். வழக்கு சர்வதேச நீதிமன்றம் போனது. 2000 ஜூன் 21 அன்று, இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அந்த நீதிமன்றம் 14-க்கு 2 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. காமன்வெல்த் நாடுகளோடு உள்ள வழக்குகளுக்கு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தியா முன்பே ஏற்காமல் விலக்கி வைத்திருந்ததே காரணம். ஆக, யார் சொன்னது சரி என்று எந்த நீதிபதியும் அளந்து சொல்லவில்லை. இரண்டு நாடும் தன் தன் வரப்பிலேயே நிற்கின்றன.

தப்பை ஒத்துக்கொள்வது

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் போய் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாகிஸ்தான் இந்தியத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டனம் சொன்னது. மார்ச் 11 அன்று, பராமரிப்பு வேலையின்போது தவறுதலாகக் கிளம்பிவிட்டது என்று இந்தியா ஒத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். தவறை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே அன்று போர் மூளவில்லை.

முடிவாக...

இத்தனையும் படித்ததில் நான் கற்றது மூன்று. ஒன்று, கோட்டை இரண்டு பேரும் சேர்ந்து அளக்க வேண்டும். இரண்டு, கிட்டே போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மூன்று, தப்பு நம் பக்கம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றிலும் கஷ்டமானது மூன்றாவதுதான். செய்தி பார்க்கும்போது நம் நாடு, நமக்குப் பிடித்த நாடு என்றால் "மீறவே இல்லை" என்கிறோம். அடுத்தவன் என்றால் "மீறிவிட்டான்" என்கிறோம். அளந்து பார்த்தவர் யார் என்று கேட்பதில்லை. டேப்பும் தியோடலைட்டும் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் நாமாவது அதைக் கேட்க வேண்டாமா?

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அதெல்லாம் சரிடா. உங்க அப்பன் மாதிரி மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயி வரப்பத் திருப்பிப் போட எந்த ராசா இருக்கான்?"

அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.



— இறுதியாண்டு சிவில் மாணவன்,
வல்லத்திராக்கோட்டை.