ஃபைபர்காரர் வருவதற்கு முன்னால்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கும்போது எல்லோரும் விசாரிப்பது வேகத்தையும் விலையையும்தான். பின்னாளில் நம்மைப் படுத்துவது பெரும்பாலும் இவை இரண்டும் அல்ல. வயர் எந்த வழியாக வந்தது, வைஃபை தரும் பெட்டி எந்தச் சுவரில் ஏறியது, பழுதென்றால் யார் வருவார் என்பவைதான். ஏணியும் டிரில்லிங் மெஷினுமாக ஊழியர் வந்து நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில் இத்தனையும் முடிவாகிவிடுகிறது. அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருக்கும். நமக்கோ அந்த வயர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் அவர் வருமுன்பே நாம் யோசித்து வைப்பதுதான் நல்லது.

1. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளில் கேளுங்கள். மழை பெய்தால் இணைப்பு போகிறதா? புகார் கொடுத்தால் எத்தனை நாளில் வருகிறார்கள்? வருகிறவர் யார்? பிஎஸ்என்எல் ஃபைபர்கூடப் பல ஊர்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து இழுத்துக் கொடுப்பதுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் தெருவுக்குத் தெரு ஆள் மாறுவார். அடுத்த ஏரியாவில் மச்சினர் வீட்டில் நன்றாக ஓடுகிறது என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

2. ‘ஃபைபர்’ என்ற சொல் இருந்தாலே கண்ணாடி இழை வீட்டுக்குள் வரும் என்று அர்த்தமில்லை. ஜியோ ஏர்ஃபைபர், ஏர்டெல் ஏர்ஃபைபர் ஆகியவை காற்றுவழி வரும் இணைப்புகள். வயர் போகாத இடத்துக்கு நல்ல வழிதான். ஆனாலும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டும். சில அடுக்குமாடிகளில் ஃபைபர் கீழ்த்தளம் வரைக்கும்தான் வரும், அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள்தான். அப்படியானால் கீழே இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் போனால் உங்கள் நெட்டும் போகும். “இழை என் வீட்டுச் சுவர் வரை வருமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

3. வேகத்தில் ஆசைப்பட வேண்டாம். 4கே படம் பார்க்க 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. சாதாரண எச்டி படத்துக்கு 5, வீடியோ காலுக்கு மூன்று நான்கு. ஹாலில் படம், ஒரு அறையில் ஆன்லைன் வகுப்பு, இன்னொன்றில் அலுவலக மீட்டிங் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 50 எம்பிபிஎஸ் தாங்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அப்லோடு வேகம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். மீட்டிங்கில் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் அது அப்லோடு குறைவதன் விளைவாக இருக்கலாம். இன்னொரு கணக்கு: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். பிட்டும் பைட்டும் வேறு, எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட்.

4. சொல்லும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பொருத்தும் கட்டணம், பெட்டிக்கு டெபாசிட், வயரின் நீளம் கூடினால் மீட்டர் கணக்கில் கூடுதல் பணம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘அன்லிமிடெட்’ என்பதற்கும் மாதத்துக்கு 3,300 ஜிபி போல ஒரு வரம்பு இருக்கும். சராசரிக் குடும்பம் அதைத் தொடாது.

5. முதல் மாதமே வருடச் சந்தா கட்டாதீர்கள். இரண்டு மாதம் இலவசம், பொருத்தும் கட்டணம் தள்ளுபடி என்றெல்லாம் சொல்வார்கள். மாதச் சந்தாவில் ஆரம்பித்து, முடிந்தால் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டு வருடத்துக்கு மாறுங்கள். கூடுதலாகப் போகிற சில நூறு ரூபாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

6. விண்ணப்பத்தில் கொடுக்கும் கைபேசி எண், அந்த வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இணைப்பு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் தங்கள் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வெளிநாடு போய் அந்த எண் அடைபட்டால் ஓடிபி வராது; புகாரும் கொடுக்க முடியாது, பிளானும் மாற்ற முடியாது. பழைய பிஎஸ்என்எல் தரைவழித் தொலைபேசி இருந்தால் அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முப்பது வருடமாக உறவுக்காரர்களுக்கு மனப்பாடமான எண்ணை விட வேண்டியதில்லை.

7. பெட்டி வைக்கும் இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். வயர் நுழைகிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, டிவி மூலையில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவதுதான் ஊழியருக்கு எளிது. பின்கட்டு அறைக்கு வைஃபை எட்டாமல் போவது அதனால்தான். முதல் நாளே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டி வைக்க நினைக்கும் இடத்தில் வையுங்கள். இன்னொரு கைபேசியை அதில் இணைத்துக்கொண்டு சமையலறை, படுக்கையறை, மாடிப்படி என்று நடந்து பாருங்கள். சிக்னல் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருப்பது சிறப்பு. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, கான்கிரீட் சுவர் எல்லாம் அலையைத் தின்றுவிடும். ஷோகேஸ் கதவுக்குள் ஒளித்து வைப்பதும் கூடாது.

அந்த இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை முதலில் கூப்பிட வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் போல வெள்ளம் புகும் பகுதிகளில் தரைத்தள வீட்டுக்காரர்கள், பழைய வெள்ளம் சுவரில் விட்டுப்போன அடையாளத்துக்கு மேலேதான் பெட்டியையும் பிளக்கையும் வைக்க வேண்டும்.

8. மாடிக்கு வைஃபை எட்டவில்லையா? பிளக்கில் செருகும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகக் குறைவது சகஜம். கீழேயிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து மேலே இரண்டாவது ரவுட்டர் வைப்பதே உருப்படியான வழி. புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக ஒரு காலிக் குழாய் பதித்துவிடுங்கள். மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க வேண்டாம்.

9. வெளியிலிருந்து வயர் வரும் பாதையை ஊழியரோடு நின்று பாருங்கள். இதில் கூச்சப்படாமல் கண்டிப்பாக இருங்கள். மின்வாரியக் கம்பத்திலிருந்து உங்கள் மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயரோடு சேர்த்துக் கட்ட விடாதீர்கள். பல ஃபைபர் வயர்களில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி கூடவே ஓடும். மின்கம்பியின் உறை உரிந்து அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து. இரும்புக்குப் பதில் நார்ப் பிளாஸ்டிக் தண்டு வைத்த வயரும் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள், மின்னலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

தென்னை மரத்துக்கு நேர் கீழே போனால் மட்டை விழுந்து அறும். மரக்கிளையை ஒட்டிப் போனால் அணில் கடிக்கும். தெருவைக் கடக்கும் இடத்தில் லாரி உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். சுவரில் போடும் ஓட்டை, வெளிப்பக்கம் தாழ்ந்தும் உள்பக்கம் உயர்ந்தும் சாய்வாக இருக்கட்டும். நுழைவதற்கு முன் வயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வழியாது. வேலை முடிந்ததும் ஓட்டையை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். எறும்பும் பூரானும் வரும் வழி அது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், அடுக்குமாடி என்றால் சங்கத்திடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டையில் இடமிருந்தால் புதிதாகத் துளையே போட வேண்டாம்.

10. உள்ளே இருப்பது கண்ணாடி. ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வயரைக் கூர்மையாக மடித்தால் உடையாவிட்டாலும் ஒளி அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். மூலை திரும்பும் இடங்களில் மெதுவாக வளைந்து போகட்டும். சுருட்டி வைப்பதானால் வளையம் காபி டவராவின் வாய் அளவுக்குக் குறையக் கூடாது. கதவிடுக்கிலும் ஜன்னல் கீலிலும் நசுங்கும்படி விடாதீர்கள். ஆணிக் கிளிப்பை அழுத்தி அடிப்பதைவிட பிவிசி கேசிங் பட்டைக்குள் ஓட்டுவது நல்லது. பெட்டிக்குப் பின்னால் சோபாவையோ கட்டிலையோ இடித்துத் தள்ளி வைக்கவும் கூடாது.

11. பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் வயரை உபரியாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நுனி கெட்டுப்போனால் வெட்டிவிட்டு வேறு போட அது வேண்டும்.

12. வயரின் நுனியில் பச்சை நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். பச்சையில் பச்சைதான் சேர வேண்டும். நீலத்தோடு செருகினால் நுனிகள் சரியாகப் பொருந்தாது. அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், விரலால் துடைக்காதீர்கள். ஒரு தூசி போதும், ஒளி தடைபடும். கழற்றிய நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

13. ஊழியர் கிளம்பும் முன் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திரையில் மைனஸ் 19, மைனஸ் 22 என்று ஒரு எண் காட்டும். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்பதன் அளவு அது. மைனஸ் 15 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. 27ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். 20க்கும் 23க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். எண் சரியில்லை என்றால் எங்கோ வயர் மடங்கியிருக்கிறது, அல்லது ஜாயின்ட் சரியாக அமையவில்லை. இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் ஜாயின்டில் இழப்பு மிகக் குறைவு. கையால் செருகி இறுக்கும் கனெக்டரில் அதைவிட அதிகம். எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் தடுமாறினால், “அன்றைக்கு மைனஸ் 20 இருந்தது, இன்றைக்கு எவ்வளவு என்று பாருங்கள்” என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவரிடம் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது.

14. வேகத்தை லேப்டாப்பில் லேன் கேபிள் செருகிச் சோதியுங்கள். கைபேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்த்தால் வேகம் குறைவாகத்தான் காட்டும், அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும். 100க்கு மேல் வேகம் வாங்கியிருந்தால் பெட்டியின் லேன் துளை கிகாபிட் வகையா என்று பாருங்கள். அன்று இரவு எட்டிலிருந்து பத்துக்குள் இன்னொரு முறை சோதியுங்கள். ஒரே இழை 32, 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் கிடைப்பதுதான் உண்மையான வேகம்.

15. வைஃபை கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, அதில் யார் என்ன செய்தாலும் விசாரணை உங்களிடம்தான் வரும். விருந்தினருக்குத் தனி வைஃபை போட்டுக் கொடுக்கும் வசதி அநேகமாக எல்லாப் பெட்டியிலும் உண்டு.

16. சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் முன்பே சொல்லுங்கள். பல கம்பெனிகளில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும். சில கேமராக்களுக்குத் தனி ஐபி எண் தேவைப்படும், அதற்குத் தனிக் கட்டணம்.

17. மின்தடைக்கு என்ன ஏற்பாடு? பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, கரண்ட் போனாலும் டயல் டோன் இருந்தது. ஃபைபரில் அப்படி இல்லை. பெட்டி அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். தரைவழித் தொலைபேசியை நம்பியிருக்கும் வயதானவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் பெட்டியைச் சேருங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது போல் எழுதியிருப்பதைப் பார்த்து வோல்ட் அதேயாகவும், ஆம்பியர் குறையாமலும் வாங்குங்கள். தெருவில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் ஆபரேட்டரின் அறையில் இருக்கும் மெஷினுக்குத் தேவை. அங்கே எவ்வளவு நேரம் பேட்டரி தாங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

18. இடி மின்னலின்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணாடி வழியாக மின்னல் வராது, மின்சார வயர் வழியாக வரும்.

19. நெட் போனால் முதலில் விளக்கைப் பாருங்கள். ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு மின்னினால் ஒளியே வரவில்லை. வயர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம். அணைத்துப் போட்டுப் பயனில்லை, நேராகப் புகார் கொடுங்கள். ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் நெட் இல்லையென்றால் அணைத்துப் போட்டுப் பாருங்கள். பணம் கட்டும் தேதியையும் பாருங்கள்.

20. லைன்மேனுக்கு போன் போட்டுச் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் தீராத புகாரை அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குக் கொண்டுபோக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனி நபர் புகார்களை விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தீராவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்கு எழுதலாம். வாடிக்கையாளர் எண், புகார் எண், லைன்மேன் எண் மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நெட் போன நேரத்தில் ஆப்பைத் திறந்து தேட முடியாது.

21. வீடு மாறினால் இணைப்பையும் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். நிறுத்துவதானால் எழுத்தில் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டால் சில கம்பெனிகளில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். பெட்டி, அடாப்டர், ரிமோட் எல்லாவற்றையும் ஒப்படைக்கும்போது பெட்டியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் அந்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், டெபாசிட் கணக்கில் வரும் வரை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.