கம்பைலர் படிக்க வரும் பிள்ளைகளுக்கு: நான்கு வழிகளும் ஓர் எச்சரிக்கையும்

கொல்கத்தாவில் காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து லேக் மார்க்கெட் வரையுள்ள தெருக்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அந்த வீடுகளிலிருந்து பொறியியல் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கம்பைலர் துறைக்கு வர ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலோர் முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள். பிள்ளை வாய் திறப்பதற்குள் கூட வந்த அப்பா முந்திக்கொள்கிறார்: "சார், ஏஐ இருக்கிற பக்கமா பார்த்துச் சொல்லுங்க. அதுலதான் சம்பளமாம்." பிள்ளை தலையாட்டுகிறான். அவனுக்கு எதில் மனம் செல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இப்படி வழி தவறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி, சின்ன மொழி ஒன்றுக்குச் சொந்தமாகக் கம்பைலர் எழுதுவது. இதைச் செய்யாமல் மற்ற மூன்றுக்கும் போக வேண்டாம். எல்எல்விஎம் ஆவணங்களில் உள்ள 'கலைடோஸ்கோப்' பாடமே தொடங்குவதற்குப் போதும்.

இரண்டாவது வழி ஜிசிசி. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது இன்றும் லினக்ஸ் உலகத்தைத் தாங்கி நிற்கிறது. மும்பை ஐஐடியில் உதய் கேட்கர் குழு இதைக் கற்பிப்பதற்கென்றே நல்ல பாடங்களை உருவாக்கியது. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி மொழியில் சி23 தரத்தை இயல்புநிலையாக்கியது. கோபாலுக்கும் முகப்பு சேர்த்தது. பழைய மொழிகளிலும் அமைப்பு மென்பொருளிலும் நாட்டமுள்ளவர்கள் தயங்காமல் இங்கே போகலாம்.

மூன்றாவது வழி எல்எல்விஎம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் தொடங்கியது. அவருடைய வழிகாட்டி விக்ரம் அட்வே, மும்பை ஐஐடியில் படித்தவர். ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள். 2025 மார்ச்சில் வந்த 20ஆம் வெளியீட்டில் ஃபோர்ட்ரான் கம்பைலர் 'ஃப்ளாங்-நியூ' என்ற தற்காலிகப் பெயரை விட்டு 'ஃப்ளாங்' ஆயிற்று. நேரம் தவறவே கூடாத ஒலி நிரல் போன்றவற்றில் நினைவக ஒதுக்கீடோ பூட்டோ நுழைந்தால் ஓடும்போதே பிடித்துக் காட்டும் ரியல்டைம் சானிடைசரும் அதில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 21இல், ஒரு சுட்டி ஃபங்ஷனுக்கு வெளியே கசிகிறதா என்ற தகவல் நுணுக்கமானது. முன்பு கசியாது என்று மட்டுமே குறிக்க முடிந்தது; இப்போது முகவரி மட்டும் கசிகிறதா, அதன் வழியே நினைவகத்தைத் தொடும் உரிமையும் கசிகிறதா என்று பிரித்துச் சொல்லலாம். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனம் துள்ளுகிறதென்றால் உங்கள் இடம் இதுதான்.

நான்காவது வழி, கம்பைலர்களைக் கட்டுவதற்கான சட்டகமான எம்எல்ஐஆரும் அதன் மேல் எழும் ஏஐ கம்பைலர்களும். எம்எல்ஐஆர் கூகுளில் பிறந்து 2019இல் எல்எல்விஎம் குடும்பத்தில் சேர்ந்தது. டிரைட்டன், மோஜோ இரண்டும் இதைப் பயன்படுத்துகின்றன. அருமையான படைப்பு. ஆனால் முதல் படியாக இதை மிதிப்பதுதான் இன்று பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் காரணம், இது மாடி; அடித்தளம் கீழே இருக்கிறது. ஆயத்தப் பாடத்தைப் பார்த்து ஒரு 'டயலெக்ட்' எழுதி, அணிப் பெருக்கலை ஓட்டிக் காட்டிவிடலாம். ஆனால் 'பதினாறு ரெஜிஸ்டரும் நிறைந்துவிட்டது, பதினேழாவது மதிப்பை எங்கே வைப்பாய்?' என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஏஐ கம்பைலர்களிலும் பெரும்பாலானவை கடைசியில் எல்எல்விஎம் ஐஆர் என்னும் இடைநிலை வடிவத்துக்குத்தான் இறங்கி வருகின்றன. பிழை அங்கே வெடிக்கும்போது மேல்தளம் மட்டும் தெரிந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

இரண்டாவது, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் குறுகிய பயிற்சிகள் சீக்கிரம் காலாவதியாகின்றன. ஓர் உதாரணம். முன்பு எல்எல்விஎம் ஐஆரில் ஒவ்வொரு சுட்டியும் தான் எந்த வகையைக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வரும். 2022இல் வந்த 15ஆம் வெளியீடு, வகை சொல்லாத சுட்டியை இயல்புநிலையாக்கியது. 17 பழையதை அடியோடு நீக்கியது. அதற்குப் பிறகும் பழைய வடிவத்தையே சொல்லித்தரும் ஒரு பயிற்சியில் சேர்ந்த மாணவன், பிழைச் செய்தியைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். லோடு கட்டளையே வகையைச் சொல்லிவிடுகிறது, சுட்டியும் சொல்லத் தேவையில்லை. இந்தக் காரணம் தெரிந்திருந்தால் அவனே உட்கார்ந்து திருத்தியிருப்பான். அவன் படித்ததெல்லாம் எழுத்துக்கோவை மட்டுமே.

மூன்றாவது, வேலை. நான் அமர்ந்த நேர்காணல்களில் கேட்டவை எஸ்எஸ்ஏ, டாமினேட்டர் மரம், ரெஜிஸ்டர் ஒதுக்கீடு, அலியாஸ் பகுப்பாய்வு. ஏஐ குழுக்களிலும் இதே கேள்விகள்தான். எம்எல்ஐஆரைக் கட்டியவர்களையே பாருங்கள். லாட்னர் எல்எல்விஎம்மில் ஊறித் திளைத்த பிறகே அங்கு வந்தார். அதன் 'அஃபைன்' பகுதிக்குப் பெரும் பங்களித்த பெங்களூரு ஐஐஎஸ்சியின் உதய் பொந்துகுலா, 2008இலேயே 'புளூட்டோ' கருவி மூலம் லூப்புகளைக் கரைத்துக் குடித்தவர். மேல்மாடிக்கு அவர்கள் படியேறித்தான் போனார்கள்.

என் சாய்வு மூன்றாவது வழிப் பக்கம்தான், அதிலும் பேக்எண்ட் பக்கம். என் பிழைப்பே அதில்தான் நடந்தது. உங்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். குறியுள்ள முழு எண்ணை எட்டால் வகுக்கும் ஒரு சின்ன சி ஃபங்ஷன் எழுதி, அசெம்பிளியைப் பாருங்கள். மூன்று பிட் வலப்பக்கம் தள்ளினால் போதுமே, எதிர்ம எண் என்றால் முதலில் ஏழைக் கூட்டுகிறதே, ஏன்? -9ஐ எட்டால் வகுத்தால் சி மொழியில் விடை -1. வெறுமனே தள்ளினால் -2 வரும். அந்த ஏழு எதற்கென்று நீங்களே கண்டுபிடிக்கும்வரை எழ மனம் வரவில்லையா? இந்தத் துறை உங்களுடையது. சலிப்புத் தட்டுகிறதா? அதில் குறை ஒன்றுமில்லை, மென்பொருளில் வேறு எத்தனையோ நல்ல வேலைகள் இருக்கின்றன.

தொடங்குகிறவர்கள் சாதாரண மடிக்கணினியிலேயே எல்எல்விஎம்மை பில்டு செய்து தொடங்கலாம். டீபக் பில்டு வேண்டாம், லிங்க் செய்யும்போதே நினைவகத்தை விழுங்கிவிடும். ரிலீஸ் பில்டு, அசர்ஷன் இயக்கத்தில், எக்ஸ்86 டார்கெட் மட்டும், லிங்கராக எல்எல்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு லிங்க். பிறகு புதியவர்களுக்கென்று குறிக்கப்பட்ட சிறு பிழை ஒன்றை எடுத்து, முதலில் அதற்கான டெஸ்டை எழுதுங்கள். உங்கள் மாற்றம் சரியா என்று 'அலைவ்2' கருவியிடம் கேளுங்கள். மதிப்பாய்வுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும், நான்கு முறை திருத்தச் சொல்வார்கள். அந்தத் திருத்தங்களில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது.

இந்த ஊருக்கு அந்தப் பொறுமை புதிதல்ல. 1955இல் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு எச்இசி-2எம் கணினி வந்தபோது கம்பைலர் என்ற உதவியே கிடையாது. இயந்திர மொழியிலேயே எழுதினார்கள். 1966இல் அந்நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐஎஸ்ஐஜேயு-1 என்ற கணினியையே கட்டி முடித்தன.

பெற்றோரே, எந்தத் துறையில் சம்பளம் கூடும் என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். பிள்ளையின் நாட்டம் அவ்வளவு எளிதில் மாறாது. அவனிடம், அவளிடம் முதலில் கேளுங்கள். பிள்ளைகளே, அடித்தளத்துக்கு இரண்டு ஆண்டு கொடுங்கள். அதன் பிறகு எந்த வெளியீடு வந்தாலும் அதில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று நீங்களே படித்துத் தெரிந்துகொள்வீர்கள். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது.