ரோட்டுக்கு நிலம் கேட்டால்: முதல் 21 நாள் பாடம்

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைப் பேச்சு 2018-ல் கிளம்பியதை நம்ம பக்கத்து விவசாயிகள் யாரும் மறந்திருக்க முடியாது. 277 கி.மீ. நீளம், 5 மாவட்டங்கள். சேலம் மாவட்டத்தில் பூலாவரி, ராமலிங்கபுரம், குப்பனூர் என்று கல் நட ஆட்கள் வந்தார்கள். தன் சர்வே எண் பட்டியலில் இருப்பதே கல் நட்ட அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. வழக்குப் போனது. 8.4.2019 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 8.12.2020 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. ஆனால் நிலம் கைமாறும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றியது தவறு, அதைப் பழையபடி திருத்த வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது.

ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்ம மஞ்சளும் குச்சிக்கிழங்கும் ரோட்டில்தான் போகுது. எந்த ரோடு, எந்த வழியாக, யார் தோட்டத்தைப் பிளந்துகொண்டு என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டும். நாளைக்கு புறவழிச்சாலை, அகலப்படுத்தல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் தேசிய நெடுஞ்சாலை என்றால் சட்டம் ஒன்றுதான்: தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. 35 வருஷம் வங்கியில் நிலப் பத்திரங்களோடு பழகியவன் என்ற முறையில் அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அறிவிப்பு வேறு, எடுப்பு வேறு

முதலில் வருவது 3ஏ அறிவிப்பு. 'இந்த நிலத்தை எடுக்க எண்ணியுள்ளோம்' என்பது மட்டும்தான் அது. அரசிதழில் வரும். அதன் சாரம் 2 உள்ளூர் நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று நம்ம மொழியில் இருக்கணும். வீடு தேடி வந்து காகிதம் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் நிலம் உங்களுடையதுதான்.

அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் 3சி பிரிவின்படி எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். நில எடுப்பு அலுவலர் நேரில் விசாரித்துத்தான் முடிவு சொல்லணும். பிறகு வருவது 3டி அறிவிப்பு. அது வெளியான நிமிஷம் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது.

2. ஆட்சேபணையில் என்ன எழுதுவது?

பலர் இங்கேயே 'விலை பத்தாது' என்று எழுதிவிடுகிறார்கள். விலைக்கு அடுத்த கட்டம் இருக்கிறது. 3சி-யில் எழுத வேண்டியது: நஞ்சையா, கிணற்றுப் பாசனமா, எத்தனை மரம், வாய்க்கால் எங்கே அடைபடும், பக்கத்தில் புறம்போக்கு வழியாகத் திருப்ப முடியுமா என்பவை. புல வரைபட நகல் இணைக்கணும். சர்வே எண் வாரியாக ஆளுக்கொரு மனு கொடுங்கள். ஊருக்கே ஒரே மனு என்றால் பதிலும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

வீடுகள் நெருங்கிய இடத்தில் அணுகு சாலை, சுரங்கப்பாதை, மழைநீர் மதகு எங்கே வேண்டும் என்பதையும் இப்போதே எழுதிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் ஆனபிறகு கேட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் சேருங்கள்.

3. விலை எப்படிக் கணக்காகும்?

2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். சந்தை விலை, கிராமப்புறத்துக்கு அதன் மேல் ஒரு பெருக்கம், மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பு, எல்லாம் சேர்த்து அதே அளவு ஆறுதல் தொகை. ஆறுதல் தொகை நெடுஞ்சாலை நிலத்துக்கும் உண்டு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சந்தை விலை எங்கிருந்து வருகிறது? வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டத்தில் கடந்த 3 வருஷக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது. முத்திரைத்தாள் செலவைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் நம்ம ஊர்ப் பழக்கம் இங்கேதான் திருப்பி அடிக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் குறைத்து எழுதினால் உங்கள் காட்டு விலையும் இறங்கும்.

4. மீதி நிலத்தின் நஷ்டம்

3 ஏக்கர் தோட்டத்தில் நடுவே 60 சென்ட் போகிறது என்று வையுங்கள். கிணறு கிழக்கே, மஞ்சள் வயல் மேற்கே. பணம் 60 சென்ட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நிலத்தைத் துண்டாக்கியதால் வரும் சேதம், மீதி நிலத்தின் வருமான இழப்பு, குடியிருப்பு மாறும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கணும் என்கிறது 3ஜி பிரிவின் 7-ஆம் உட்பிரிவு. குறுக்கே பைப் கொண்டுபோவது, மின் இணைப்பு மாற்றுவது, வண்டிப் பாதை எல்லாம் இதில் வரும். கேட்டால்தான் கணக்கில் ஏறும்.

இயற்கை விவசாயிக்கு இன்னொன்றும் உண்டு. அங்ககச் சான்று பெற்ற தோட்டம் போனால் புது நிலத்தில் மாறுதல் காலம் முதலிலிருந்து தொடங்கும். ஓராண்டுப் பயிருக்கு 2 வருஷம், மரப்பயிருக்கு 3 வருஷம். ரோட்டு ஓரம் உயிர்வேலிக்கும் இடைவெளிக்கும் நிலம் விடணும். மண்ணின் கரிமச் சத்துக்கு வழிகாட்டி மதிப்பில் இடமில்லை. மண் பரிசோதனை அறிக்கை, சான்றிதழ், விற்பனை ரசீது இருந்தால் வருமான இழப்பைக் காட்டலாம்.

தொகையில் திருப்தி இல்லை என்றால் நடுவரிடம் போகலாம். பணம் வாங்கும்போது 'ஆட்சேபணைக்கு உட்பட்டு' என்று எழுதி வாங்குங்கள்.

5. இன்றே தயார் செய்ய வேண்டிய கோப்பு

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம், மின் இணைப்பு அட்டை, மரங்களின் எண்ணிக்கையும் வயதும், கிணற்றின் ஆழம், தேதியோடு போட்டோ. அடங்கலில் உண்மைப் பயிரைப் பதிய வையுங்கள். தோட்டம் பச்சையாக இருக்க, அடங்கலில் தரிசு என்று இருந்தால் காகிதம்தான் ஜெயிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே பட்டா. தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப்பட்டா நம்ம ஊரில் ஏராளம். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் பணம் நீதிமன்றத்துக்குப் போய்விடும், நிலமோ போயே போய்விடும். ரோடு வருகிறதோ இல்லையோ, இந்த ஆடிக்குள் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்றால் அதற்காகவாவது ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். 21 நாளில் நிலத்தின் நியாயத்தை எழுதலாம், பாகப்பிரிவினையை முடிக்க முடியாது.