சீட்டில் இருக்கும் ‘எச்.பி.’ என்ன?

ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘எச்.பி. 8’ என்று எழுதியிருக்கும். நாமும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுகிறோம். எச்.பி. என்றால் ஹீமோகுளோபின். ‘ஹீமோ’ என்பது கிரேக்க மொழியில் இரத்தம். ‘குளோபின்’ ஒரு புரதம். நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றி, உடம்பு முழுக்க இறக்குகிற வண்டி இதுதான். இது உண்டாக இரும்புச்சத்து வேணும். குறைஞ்சா களை எடுக்கும்போதே மூச்சு வாங்கும், தலை சுத்தும். நாமதான் அதை ‘வேலை அசதி’ன்னு சொல்லிக்கிறோம்!

100 மில்லி இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம் இருக்கணும். குறைந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனா ஆபத்து. அடுத்த முறை, “நர்சம்மா, எனக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?”ன்னு வாய்விட்டுக் கேளுங்க. மாத்திரை கொடுத்தா டீயோட போடாதீங்க. சத்து சரியா உடம்புல சேராது.